ஏஐ பாட்களைத் தடுத்தும் நிற்கவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

மயிலாப்பூர் சபாவின் கச்சேரி அட்டவணை, தி.நகர் புடவைக் கடையின் ஆன்லைன் விற்பனை, வேளச்சேரி டியூஷன் சென்டரின் பழைய வினாத்தாள் தொகுப்பு என்று சின்னச் சின்னத் தளங்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். ஷேர்டு ஹோஸ்டிங்கிலோ, ஒரு ஜிபி ராம் உள்ள விபிஎஸ்ஸிலோ (வாடகைக்கு எடுத்த சின்ன சர்வர்) ஓடும் தளம்தான் ஏஐ பாட்களிடம் (ஏஐ நிறுவனங்களுக்காகத் தளங்களைத் தானாகப் புரட்டும் நிரல்கள்) முதலில் மாட்டுகிறது. தடுப்பதற்கு வழி இருக்கிறது. ஆனால் தடுத்தவர்களில் பலர் தவறான இடத்தில் தடுத்துவிட்டு, "போட்டும் நிற்கவில்லையே" என்கிறார்கள். ஆகவே அறிகுறியிலிருந்தே தொடங்குவோம்.

ஒரு சின்னக் குறிப்பு: பாட் பெயர்களையும் கட்டளைகளையும் இங்கே தமிழ் ஒலிப்பில் எழுதியிருக்கிறோம். ஃபைலில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில், இடைக்கோடு உட்பட, அந்தந்த நிறுவனம் அறிவித்துள்ளபடியே அடிக்க வேண்டும்.

எதையும் தொடுமுன் லாக்

யார் வந்தார் என்று தெரியாமல் கதவைச் சாத்தினால் வாடிக்கையாளர்தான் வெளியே நிற்பார். சிபேனல் (ஹோஸ்டிங் நிர்வாகப் பலகை) இருந்தால் மெட்ரிக்ஸ் பகுதியில் 'ரா ஆக்சஸ்' போய் அன்றைய லாக்கை, அதாவது யார் எப்போது எந்தப் பக்கத்தைக் கேட்டார் என்ற பதிவை, இறக்குங்கள். சொந்த சர்வர் என்றால், பக்கங்களை வழங்கும் வெப் சர்வர் மென்பொருளான என்ஜினெக்ஸ் அல்லது அப்பாச்சியின் ஆக்சஸ் லாக். 'கம்பைண்டு' வடிவ லாக்கில் ஒவ்வொரு வரியையும் இரட்டை மேற்கோள் குறியை எல்லையாக வைத்து வெட்டினால் ஆறாவது துண்டுதான் யூசர் ஏஜென்ட், அதாவது வந்தவர் தன்னைச் சொல்லிக்கொள்ளும் பெயர். ஆக் கட்டளையால் அந்தத் துண்டை மட்டும் எடுத்து, சார்ட் செய்து, யூனிக் கட்டளையால் எண்ணி, பெரிய எண் மேலே வரும்படி மறுபடி சார்ட் செய்தால் அரை நிமிடத்தில் படம் தெளிவாகிவிடும்.

நேரத்தையும் பாருங்கள். பல சர்வர்களின் லாக் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருக்கும். வரியில் +0000 என்று இருந்தால் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். லாக்கில் 21:30 என்றால் சென்னையில் அதிகாலை 3 மணி. அந்த நேரத்தில் நொடிக்கு இருபது பேர் புடவைப் பக்கங்களைப் புரட்டுகிறார்கள் என்றால், அமெரிக்கச் சொந்தங்களைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அது மனிதக் கூட்டம் இல்லை.

வருபவர்கள் மூன்று வகை. பெயர் சொல்லிக்கொண்டு மாதிரிப் பயிற்சிக்காக அள்ளுபவை: ஜிபிடிபாட், கிளாட்பாட், காமன் கிராலின் சிசிபாட், பைட்டான்ஸின் பைட்ஸ்பைடர், மெட்டா எக்ஸ்டர்னல் ஏஜென்ட். அடுத்தது, யாரோ ஒருவர் ஏஐ செயலியில் கேள்வி கேட்டதும் அந்த நேரத்துக்கு வந்து பக்கத்தை எடுத்துப்போகிறவை: சாட்ஜிபிடி யூசர், கிளாட் யூசர், பெர்ப்ளெக்சிட்டி யூசர். மூன்றாவது, குரோம் முகமூடி போட்டுக்கொண்டு வருபவை. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

அறிகுறி: ரோபோட்ஸ் ஃபைலில் தடை எழுதியாயிற்று, லாக்கில் அதே பாட் இன்னும் 200 (பக்கம் கிடைத்தது என்ற பதில் எண்) வாங்கிக்கொண்டு போகிறது

ரோபோட்ஸ் டாட் டிஎக்ஸ்டி என்பது நம் ஊர்ச் சுவரில் எழுதியிருக்கும் 'நோட்டீஸ் ஒட்டாதே' மாதிரி. மதிப்பவர் மதிப்பார். 1994-இல் பேச்சளவில் தொடங்கிய இந்த ஒப்பந்தம் 2022-இல்தான் ஆர்எஃப்சி 9309 என்று எழுத்துபூர்வமான தரநிலையானது. அதிலும் இது பூட்டு அல்ல என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. ஆனால் மதிக்கும் பாட்கூட நிற்கவில்லை என்றால் தவறு பெரும்பாலும் நம் ஃபைலில்.

முதலில் பிரவுசரில் தளத்தின் முகவரிக்குப் பின்னால் சாய்கோடு போட்டு அந்த ஃபைல் பெயரை அடித்துப் பாருங்கள். வரவில்லையா? விண்டோஸ் நோட்பேடில் சேமித்தபோது டிஎக்ஸ்டி என்ற வால் இரண்டு முறை ஒட்டியிருக்கும். எக்ஸ்டென்ஷனை மறைத்து வைத்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. இல்லையென்றால் ஃபைல் 'பிளாக்' ஃபோல்டருக்குள் இருக்கும். அது தளத்தின் வேரில் (மேல்நிலை ஃபோல்டரில்) இருந்தால் மட்டுமே செல்லும். 'ஷாப்' என்று துணை டொமைன் வைத்திருந்தால் அதற்குத் தனி ஃபைல் வேண்டும். முதன்மைத் தளத்தின் ஃபைல் அதைக் கட்டுப்படுத்தாது.

ஃபைல் வருகிறது என்றால் உள்ளே பாருங்கள். ஒரு யூசர் ஏஜென்ட் வரியில் ஒரு பெயர்தான். கமா போட்டு நான்கு பெயர் எழுதினால் நான்கும் வீண். பல பெயர்களுக்கு ஒரே தடை என்றால் யூசர் ஏஜென்ட் வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, கடைசியில் ஒரே டிஸ்அலவ் வரி. அந்த வரியில் சாய்கோடு விட்டுப்போனால் அர்த்தமே தலைகீழ்: வெறும் டிஸ்அலவ் என்றால் 'எதற்கும் தடையில்லை' என்று பொருள்.

அதிகம் பேர் சறுக்குவது குழு விதியில். நட்சத்திரக் குறிக்குக் கீழே கார்ட், தேடல், வடிகட்டி என்று பத்துத் தடைகள் எழுதியிருப்பீர்கள். பிறகு ஜிபிடிபாட்டுக்கென்று தனிக் குழு தொடங்கி 'கிரால் டிலே 10' என்று மட்டும் சேர்ப்பீர்கள். தன் பெயரில் தனிக் குழு கிடைத்ததும் பாட் நட்சத்திரக் குழுவைத் திரும்பிப் பார்க்காது. மெதுவாக்கப் போய் முழுத் தளத்தையும் திறந்துவிட்டதாக ஆகும். தனிக் குழுவில் அந்தப் பத்துத் தடைகளையும் மறுபடி எழுதியாக வேண்டும். கிரால் டிலே தரநிலையிலேயே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆந்த்ரோபிக் மதிப்பதாகச் சொல்கிறது, கூகுள் கண்டுகொள்வதில்லை.

எல்லாம் சரி என்றால் 24 மணி நேரம் பொறுங்கள். பாட்கள் இந்த ஃபைலை ஒரு நாள் வரை கேஷில் (சேமித்த நகலாக) வைத்திருக்கலாம். காலையில் மாற்றிவிட்டு மத்தியானம் லாக் பார்த்துப் பதறுவதில் பயனில்லை.

பொறுத்தும் இரண்டாம் வகையில் பெர்ப்ளெக்சிட்டி யூசர் போன்ற சில வந்தால் ஆச்சரியமில்லை. மனிதர் கேட்டு வருவதால் ரோபோட்ஸ் விதி தங்களைக் கட்டுப்படுத்தாது என்பது அவர்கள் வாதம். அவற்றைச் சர்வரில்தான் நிறுத்த முடியும்.

தமிழ் முகவரி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இன்னொரு கண்ணி உண்டு. யுடிஎஃப் 8-இல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். சதவீதக் குறியோடு முகவரியில் எழுதும்போது அது 9 எழுத்தாகிறது. 'கோயில்' என்பதில் க, ஓகாரக் குறி, ய, இகரக் குறி, ல, புள்ளி என ஆறு குறியீடுகள், 54 எழுத்து. ஆனால் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் அடிக்கலாம், இரட்டைச் சுழிக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் அடிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. இரண்டாவது வகையில் 63 எழுத்து. தளத்தில் ஒரு வகையும் ரோபோட்ஸ் ஃபைலில் இன்னொரு வகையும் இருந்தால் தடை பொருந்தவே பொருந்தாது. கையால் அடிக்காதீர்கள், லாக்கில் சதவீதக் குறிகளோடு இருக்கும் பாதையை அப்படியே நகலெடுத்து ஒட்டுங்கள்.

அறிகுறி: கூகுள் எக்ஸ்டென்டட் போட்டேன், லாக்கில் அந்தப் பெயரே இல்லை

இருக்காது. கூகுள் எக்ஸ்டென்டட், ஆப்பிள்பாட் எக்ஸ்டென்டட் இரண்டும் தனியாக வந்து போகும் பாட்கள் அல்ல. ரோபோட்ஸ் ஃபைலில் மட்டும் செல்லும் அடையாளச் சொற்கள். எடுத்துப்போவது வழக்கமான கூகுள்பாட்தான்; ஜெமினிக்குப் பயன்படுத்தலாமா என்பதை மட்டும் இந்தச் சொல் தீர்மானிக்கிறது. எச்டிஆக்சஸ் (அப்பாச்சி சர்வருக்கான விதி ஃபைல்) விதியில் இவற்றைச் சேர்ப்பது வீண் வேலை. 'ஆப்பிள்பாட்' என்று சுருக்கி அங்கே போட்டால் இன்னும் மோசம், சிரி, ஸ்பாட்லைட் தேடலிலிருந்தும் காணாமல் போவீர்கள்.

தேடல் முடிவின் மேலே வரும் ஏஐ சுருக்கத்தையும் கூகுள் எக்ஸ்டென்டட் நிறுத்தாது. அதற்கு நோஸ்னிப்பெட் குறிச்சொல் இருக்கிறது. போட்டால் தேடல் முடிவில் உங்கள் இணைப்புக்குக் கீழே வரும் இரண்டு வரியும் போய்விடும். விற்பனைத் தளத்துக்கு இதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

அறிகுறி: எச்டிஆக்சஸில் 403 ('அனுமதி இல்லை') விதி போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை

சோதித்துப் பாருங்கள். குரோமில் டெவ்டூல்ஸ் திறந்து, 'மோர் டூல்ஸ்' வழியாக 'நெட்வொர்க் கண்டிஷன்ஸ்' போய், யூசர் ஏஜென்டில் 'பிரவுசர் டிஃபால்ட்' டிக்கை எடுத்துவிட்டு ஜிபிடிபாட் என்று அடித்துப் பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். 403 வர வேண்டும். கர்ல் (கட்டளை வரியில் பக்கத்தை எடுக்கும் கருவி) தெரிந்தவர்கள் ஹைபன் பெரிய ஏ போட்டு இதையே ஒரு வரியில் பார்க்கலாம்.

200 வந்தால் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்று. சர்வர் என்ஜினெக்ஸ், அது எச்டிஆக்சஸை வாசிப்பதே இல்லை. அல்லது அப்பாச்சிதான், ஆனால் 'அலவ் ஓவர்ரைடு நன்' என்று இருக்கிறது. அல்லது விதியை வேர்ட்பிரஸின் பிகின், எண்ட் கோடுகளுக்கு நடுவில் எழுதிவிட்டீர்கள். பெர்மாலிங்க் அமைப்பைச் சேமித்ததும் வேர்ட்பிரஸ் அந்தப் பகுதியை அழித்துத் தன்னுடையதை எழுதிக்கொள்ளும். உங்கள் விதி அந்தப் பகுதிக்கு மேலே இருக்க வேண்டும். ரீரைட் காண்ட் வரி முடிவில் என்சி குறி இல்லையென்றால் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்திலேயே பாட் நழுவிவிடும். எல்லாம் சரியாக இருந்தும் 200 என்றால், முன்னால் நிற்கும் சிடிஎன் (பக்கங்களின் நகலை வைத்து வழங்கும் இடைச் சேவை) தன் கேஷிலிருந்தே பக்கத்தைக் கொடுத்துவிடுகிறது, கோரிக்கை உங்கள் சர்வருக்கு வரவே இல்லை. தடையை சிடிஎன்னில் போடுங்கள்.

என்ஜினெக்ஸ் என்றால் மேப் பகுதியில் யூசர் ஏஜென்டைப் பெயர்களோடு ஒப்பிட்டு ஒரு மாறிக்கு 1 கொடுத்து, சர்வர் பகுதியில் அந்த மாறி 1 என்றால் 403 திருப்பச் சொல்வதே சுத்தம். ஒப்பீட்டின் முன் டில்டே, நட்சத்திரம் இரண்டும் சேர்ந்து வர வேண்டும். டில்டே மட்டும் என்றால் எழுத்து வேறுபாடு பார்க்கும். ரீலோட் செய்யுமுன் என்ஜினெக்ஸ் ஹைபன் டி கட்டளையால் இலக்கணம் சரிபாருங்கள். ஆடித் தள்ளுபடி நாளில் ஒரு அரைப்புள்ளி விட்டுப்போய், ரீஸ்டார்ட் கொடுத்த சர்வர் எழுந்திருக்காமல் கிடப்பதைவிட அந்த ஐந்து நொடி மலிவு.

அறிகுறி: 403 போட்ட பிறகு பாட் முன்பைவிட அதிகமாக வருகிறது

லாக்கில் அந்தப் பாட் ரோபோட்ஸ் ஃபைலைக் கேட்டபோது என்ன பதில் போயிருக்கிறது என்று பாருங்கள். அங்கேயும் 403 என்றால் கண்டுபிடித்துவிட்டீர்கள். தரநிலைப்படி, அந்த ஃபைலுக்கு 400 வரிசைப் பிழை வந்தால் ஃபைலே இல்லை என்று பாட் எடுத்துக்கொண்டு எங்கு வேண்டுமானாலும் போகலாம். 'வராதே' என்று எழுதிய பலகையையே மறைத்துவிட்டோம். ரோபோட்ஸ் பாதைக்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்து, அதை எல்லோருக்கும் 200-ஆகத் திறந்து வையுங்கள்.

இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்து. என்ஜினெக்ஸின் லிமிட் ரெக் வேகக் கட்டுப்பாடு இயல்பாக 503 (சேவை இப்போது இல்லை) கொடுக்கும். ரோபோட்ஸ் ஃபைலுக்கு 500 வரிசைப் பிழை போனால் 'தளம் முழுவதும் தடை' என்று பொருள், கூகுள்பாட்டும் நின்றுவிடும். லிமிட் ரெக் ஸ்டேட்டஸை 429 (அளவுக்கு அதிகமாகக் கேட்கிறீர்கள்) ஆக்குங்கள். அந்த ஃபைலைக் கட்டுப்பாட்டுக்கு வெளியே வையுங்கள். 429-ஐயும் கூகுள் சர்வர் பிழையாகத்தான் எடுத்துக்கொள்ளும் என்பதால் இரண்டாவது வேலையைத் தவிர்க்க முடியாது.

அறிகுறி: 403 சரியாகப் போகிறது, சர்வர் சுமை மட்டும் குறையவில்லை

உங்கள் 403 பக்கத்தை வேர்ட்பிரஸ் தயாரிக்கிறது. செக்யூரிட்டி பிளகின் வழியாகத் தடுத்தால் பிஎச்பி, டேட்டாபேஸ் இரண்டும் எழுந்து வந்துதான் 'போ' என்று சொல்கின்றன. வாட்ச்மேன் வேலைக்கு மேனேஜரை மாடியிலிருந்து இறக்குவது போல. தடையைப் பிளகினிலிருந்து எச்டிஆக்சஸுக்கோ என்ஜினெக்ஸுக்கோ நகர்த்துங்கள். 403-க்கு ஒரு வரி வெற்று எச்டிஎம்எல் போதும். என்ஜினெக்ஸில் 444 கொடுத்தால் பதிலே அனுப்பாமல் இணைப்பைத் துண்டித்துவிடும்.

கிளவுட்ஃப்ளேர் (தளத்துக்கு முன்னால் நிற்கும் ஒரு சிடிஎன் சேவை) பின்னால் தளம் இருந்தால் இலவசத் திட்டத்திலேயே பாட் அமைப்பில் ஏஐ பாட்களைத் தடுக்கும் பொத்தான் இருக்கிறது. 2024 ஜூலையில் வந்தது. 2025 ஜூலைக்குப் பின் சேர்த்த டொமைன் என்றால் சேர்க்கும்போதே இதைக் கேட்டிருக்கும். உங்கள் ரோபோட்ஸ் ஃபைலில் நீங்கள் எழுதாத வரிகள் தலையில் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அதுவும் அவர்கள் சேர்த்துத் தருவதே. பொத்தானை அழுத்தியும் பாட் வந்தால், டிஎன்எஸ்ஸில் மேக நிறம் ஆரஞ்சா, அதாவது கோரிக்கைகள் கிளவுட்ஃப்ளேர் வழியாகத்தான் போகின்றனவா என்று பாருங்கள். ஆரஞ்சு என்றால் பழைய சர்வர் ஐபி வெளியே தெரிந்து, அதற்கு நேராக வருகிறார்கள். ஃபயர்வாலில் 80, 443 இரண்டையும் கிளவுட்ஃப்ளேர் ஐபி வரிசைகளுக்கு மட்டும் திறந்து வையுங்கள்.

அறிகுறி: பெயர் சொல்லும் பாட் எதுவும் இல்லை, ஆனால் 508 பிழை (ஹோஸ்டிங் கணக்கின் வள வரம்பு தாண்டியது) வருகிறது, தளம் இழுக்கிறது

நேரத்தைத் தின்னும் நோய் இதுதான். லாக்கில் ஆயிரக்கணக்கான ஐபி, ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்றிரண்டு கோரிக்கை, எல்லாம் குரோம் என்று சொல்லும். அடையாளம் இருக்கிறது: பக்கத்தை மட்டும் எடுக்கும், கூடவே வர வேண்டிய சிஎஸ்எஸ், படம் எதையும் கேட்காது, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்ற ரெஃபரர் இருக்காது, இரண்டு மூன்று வருடப் பழைய குரோம் பதிப்பு எண் சொல்லும், முகப்புக்கு வராமல் ஆழத்தில் இருக்கும் பக்கத்துக்கு நேராக இறங்கும்.

ஐபி ஐபியாகத் தடுக்க உட்கார்ந்தால் பொங்கல் முடிந்து தீபாவளி வந்துவிடும். அவர்கள் எதைத் தின்கிறார்கள் என்று பாருங்கள். புடவைத் தளத்தில் 12 நிறம், 8 விலை வரம்பு, 6 ஜரிகை வகை, 5 வரிசை முறை என்றால், ஒவ்வொன்றிலும் ஒன்றே ஒன்று தேர்ந்தாலும் 2,880 முகவரிகள். இரண்டு நிறம் சேர்த்துத் தேரலாம் என்றால் எண்ணிக்கை கைமீறிப் போகும். விற்பது 300 புடவை. ஒவ்வொரு முகவரியும் புதிது என்பதால் கேஷ் உதவாது, ஒவ்வொன்றுக்கும் டேட்டாபேஸ் தேடல் நடக்கும். சபா தளத்திலும் இதே கதை: காலண்டர் பிளகினில் 'அடுத்த மாதம்' இணைப்பு முடிவே இல்லாமல் போகும், கச்சேரி இல்லாத 2090 மார்கழியையும் பாட் போய்ப் பார்த்துவிட்டு வரும்.

வூகாமர்ஸில் (வேர்ட்பிரஸின் விற்பனைப் பிளகின்) 'கார்ட்டில் சேர்' இணைப்பைப் பாட் தொட்டால் சும்மா போகாது, செஷன் டேபிளில் ஒரு வரி சேரும். டேபிள் வீங்கினால் உண்மையான வாங்குபவருக்கும் செக்அவுட் இழுக்கும். பிஎச்பிமைஅட்மினில் அந்த டேபிளின் அளவைப் பாருங்கள். வீங்கியிருந்தால் வூகாமர்ஸ் ஸ்டேட்டஸ், டூல்ஸில் செஷன்களைக் காலி செய்யலாம். அப்போது கார்ட்டில் பொருள் வைத்திருப்பவர் கார்ட்டும் காலியாகும் என்பதால் அதிகாலையில் செய்யுங்கள்.

மருந்து இந்த வரிசையில். வடிகட்டிகளை இணைப்பாக வைக்காமல் பொத்தான் உள்ள படிவமாக மாற்றுங்கள். இணைப்பைத் தொடர்ந்து போகும் பாட்டுக்கு வழியே இருக்காது. காலண்டரை முன்னும் பின்னும் 12 மாதத்தோடு நிறுத்துங்கள். கேள்விக்குறிக்குப் பின் வடிகட்டி அளவுரு உள்ள முகவரிகளுக்கு மட்டும் கிளவுட்ஃப்ளேரில் 'மேனேஜ்டு சேலஞ்ச்' (வருவது மனிதர்தானா என்ற சோதனை) போடுங்கள். இலவசத் திட்டத்தில் ஐந்து கஸ்டம் ரூல்கள் உண்டு, இதற்கு ஒன்று போதும். சொந்த சர்வர் என்றால் அனுபிஸ் என்ற திறமூலக் கருவி இருக்கிறது: பிரவுசரை ஒரு சின்னக் கணக்குப் போட வைத்து, போட்டால்தான் உள்ளே விடும். ஜாவாஸ்கிரிப்ட் இல்லாத பிரவுசரும் வெளியே நிற்கும் என்பது அதன் விலை.

ஐபிக்கு இத்தனை என்று வேகக் கட்டுப்பாடு போடுவோர் கவனிக்க: ஜியோ, ஏர்டெல் மொபைலில் ஒரே ஐபிவி4 முகவரிக்குப் பின்னால் ஏராளமான போன்கள் இருக்கும். ஓஎம்ஆர் ஐடி அலுவலகம் முழுவதும் ஒரே ஐபியில் வரும். நிமிடத்துக்கு 10 என்று இறுக்கினால் மதிய இடைவேளையில் புடவை பார்க்கும் உண்மையான ஆட்கள் 429 வாங்குவார்கள். பக்கங்களுக்கு நொடிக்கு 5, பர்ஸ்ட் (ஒரேயடியாக வந்தால் பொறுத்துக்கொள்ளும் அளவு) 20 என்று தளர்வாகத் தொடங்கி, லாக் பார்த்து இறுக்குங்கள். படம், சிஎஸ்எஸ்ஸை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஐபிவி6-இல் தனி முகவரியைத் தடுப்பது பயனற்றது, /64 ஆகத் தடுங்கள். கிளவுட்ஃப்ளேர் பின்னால் இருக்கும் என்ஜினெக்ஸில் ரியல் ஐபி அமைப்பை (வருபவரின் அசல் ஐபியைக் காட்டுவது) செய்யாமல் இதையெல்லாம் போட்டால் உலகமே கிளவுட்ஃப்ளேரின் சில ஐபிகளாகத் தெரியும்; ஒன்றைத் தடுத்தால் பாதித் தளம் போய்விடும்.

அறிகுறி: தடுத்த பிறகு வேறு ஏதோ உடைந்துவிட்டது

வாட்ஸ்அப்பில் இணைப்பு அனுப்பினால் படம் வரவில்லை: முன்னோட்டம் எடுக்க வருவது வாட்ஸ்அப் என்ற பெயரிலேயே வரும். ஃபேஸ்புக் பகிர்வுக்கு ஃபேஸ்புக் எக்ஸ்டர்னல் ஹிட். 'மெட்டாவைத் தடுக்கிறேன்' என்று ஃபேஸ்புக், எக்ஸ்டர்னல் போன்ற பொதுச் சொல்லை விதியில் போட்டிருந்தால் எடுத்துவிட்டு முழுப் பெயரைப் போடுங்கள்.

கூகுளில் பக்கங்கள் குறைகின்றன: விதியில் வெறும் 'பாட்' என்ற சொல் இருக்கும், கூகுள்பாட்டும் பிங்பாட்டும் அதில் விழுந்திருக்கும். அல்லது 'இந்தியா மட்டும்' என்று நாட்டுத் தடை போட்டிருப்பீர்கள். கூகுள்பாட் பெரும்பாலும் அமெரிக்க ஐபியிலிருந்து வருவது, சிங்கப்பூர், யாழ்ப்பாணம், டொராண்டோ வாசகர்களும் போயிருப்பார்கள். வந்தது அசல் கூகுள்பாட்டா என்று சந்தேகம் என்றால் அந்த ஐபிக்கு ரிவர்ஸ் டிஎன்எஸ் (ஐபியிலிருந்து பெயரைத் தேடுவது) பாருங்கள். கூகுள்பாட் டாட் காம் அல்லது கூகுள் டாட் காம் என்று முடிய வேண்டும், அந்தப் பெயரைத் திருப்பித் தேடினால் அதே ஐபி வர வேண்டும்.

பணம் கட்டியும் ஆர்டர் 'பெண்டிங்'கில் நிற்கிறது: பைத்தான், கோ, கர்ல் என்று பொதுக் கருவிப் பெயர்களையும், காலி யூசர் ஏஜென்டையும் மொத்தமாகத் தடுத்திருப்பீர்கள். பேமெண்ட் கேட்வேயின் வெப்ஹூக் (பணம் வந்ததைத் தளத்துக்குச் சொல்லும் தானியங்கிச் செய்தி) அப்படி வந்திருக்கலாம். வெப்ஹூக் பாதைக்கு விதிவிலக்கு கொடுங்கள்.

சாட்ஜிபிடி தேடலில் கடை பெயர் வருவதே இல்லை: ஓஏஐ சர்ச்பாட்டையும் சேர்த்து அடைத்திருப்பீர்கள். பயிற்சிக்கு ஜிபிடிபாட், தேடலுக்கு ஓஏஐ சர்ச்பாட். கடைக்கு முதலாவதை மட்டும் அடைப்பது நல்லது என்பது எங்கள் கருத்து. கிளாட்பாட், கிளாட் சர்ச்பாட் விஷயத்திலும் அப்படியே. வினாத்தாள் தொகுப்பே சரக்கு என்று வைத்திருக்கும் டியூஷன் சென்டர் இரண்டையும் அடைக்கலாம்.

அறிகுறி: எல்லாம் சரியாக அடைத்தும் ஏஐ நம் பக்கத்திலிருந்ததை ஒப்பிக்கிறது

போன வருடம் எடுத்துப்போனதை இந்த வருடத் தடை திருப்பி வாங்காது. காமன் கிராலின் பழைய சேகரிப்புகளில் உங்கள் பக்கம் இருந்தால் அங்கேயே இருக்கும். உங்கள் பதிவை நகலெடுத்துப் போட்ட வேறு தளம் திறந்து கிடந்தால் அந்த வழியாகவும் போகும். காசு கொடுத்தால்தான் படிக்கலாம் என்ற வகைப் பக்கம் என்றால் லாகினுக்குப் பின்னால் வையுங்கள். ஜாவாஸ்கிரிப்டால் மேலே திரை போட்டு மறைத்தால் போதாது. எச்டிஎம்எல்லில் முழு உரையும் இருக்கும், பாட் அதைத்தான் படிக்கிறது. 'வியூ சோர்ஸ்' போய் உங்கள் கட்டணப் பாடத்தின் கடைசி வரியைத் தேடுங்கள். கிடைத்தால் பாட்டுக்கும் கிடைத்திருக்கும்.